ஒன்றரை இடைவெளி

என் நாத்தனாரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய சொந்த அண்ணன், "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றார். ஏன் இல்லை? பல்கலைக்கழகத்தில் ஒரு துறை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். என் நாற்காலியிலிருந்து பார்த்தால் ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கேட், கேட்டுக்கு எதிரே நாத்தனாரின் டைப்பிங் சென்டர். வீட்டிலோ கீழே நாங்கள், மாடியில் அவளும் அவள் புருஷனும். ஆக, வீட்டிலும் அவள் முகம், ஆபீசிலும் அவள் முகம். இப்படி ஒரு கொடுப்பினை எந்த அண்ணிக்கு வாய்க்கும்?

கடை இரண்டே அறை. முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர், எப்போதும் சுட்டுக்கொண்டே இருக்கும் ஒரு ஜெராக்ஸ் மெஷின், உட்கார இடமில்லாமல் பேப்பர் கட்டுகள். பின்னறையில் பைண்டிங். பசை வாளி, கறுப்பு ரெக்சின் சுருள், அட்டையில் தங்க எழுத்து அடிக்கிற மெஷின். இந்தக் கதை தொடங்கும்போது பத்தொன்பது வருடத்தில் அங்கிருந்து அறுபத்தேழு ஆய்வேடுகள் வெளியே போயிருந்தன. வாசலில் 'முனைவர்' என்று பலகை மாட்டிக்கொண்டு திரிகிற அறுபத்தேழு பேரும் அந்தப் பசை நாற்றத்தில் பிறந்தவர்கள்தான். இப்போது வழியில் பார்த்தால் அவளைத் தெரியாது அவர்களுக்கு.

'டைப் அடித்துக் கொடுத்தாள், அவ்வளவுதானே' என்று நினைக்காதீர்கள். அவர்கள் கொண்டுவருவது என்ன என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நோட்டில் கிறுக்கியது, பஸ் டிக்கெட்டின் பின்னால் குறித்தது, போனில் பேசி அனுப்பியது. மூன்றாம் இயலையே கொஞ்சம் முன்பின் மாற்றி ஐந்தாம் இயல் என்று கொண்டுவந்தவன் ஒருத்தன். செத்துப்போய் மூன்று வருடமான மனுஷரை நேரில் கண்டு பேட்டி எடுத்ததாக எழுதி வந்தவன் ஒருத்தன். "ஆவியையா பேட்டி எடுத்தீங்க தம்பி?" என்று அவள் கேட்டதற்கு, "தேதிய மட்டும் மாத்திடுங்க அக்கா" என்றானாம். அவள் தேதியை மாற்றவில்லை. அந்த ஆள் உயிரோடு இருந்தபோது வேறு யாருக்கோ கொடுத்த பேட்டியைத் தேடிப் பிடித்து, அது வெளியான இடத்தைக் குறிப்பிட்டு, முறையாகச் சேர்த்துக் கொடுத்தாள். அவனுக்குப் பட்டம் கிடைத்தது. இவளுக்குக் கழுத்து வலி கிடைத்தது.

எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பாள், ஒன்றைத் தவிர. வரிக்கும் வரிக்கும் நடுவில் ஒன்றரை இடைவெளி. அது பல்கலைக்கழக விதி. அவளுக்கோ அது உயிர். பக்கம் பற்றாதவர்கள் வந்து கெஞ்சுவார்கள்.

"அக்கா, இருநூறு பக்கம் கேக்குறாங்க, நூத்தம்பதுதான் வருது. ரெண்டாக்கிடுங்களேன்."

"விஷயம் இல்லாதத இடைவெளியால நிரப்ப முடியாது தம்பி. போய் எழுதிட்டு வாங்க."

அளவுகோல் தேவையில்லை, கண்ணாலேயே சொல்லிவிடுவாள். ஒருமுறை வீட்டுக்கு வந்த மின்கட்டண ரசீதைத் தூக்கிப் பிடித்து, "இது ஒண்ணேகால் அண்ணி, படிக்கவே முடியல" என்று குறைபட்டுக்கொண்டாள். ரசீதில் தொகையைப் பார்க்காமல் இடைவெளியைப் பார்க்கிற ஒரே ஜென்மம் அவள்தான்.

இனி நன்றியுரை. ஆய்வேட்டில் கடைசியாக எழுதுவது, முதலில் வைப்பது. அதற்குள் எல்லோருக்கும் சரக்கு தீர்ந்திருக்கும். "முன்னாடி யாருக்காவது அடிச்சது இருந்தா அதையே போட்டுடுங்க, பேர மட்டும் மாத்திடுங்க" என்பார்கள். மனைவியின் பொறுமைக்கும் தியாகத்துக்கும் நன்றி சொல்வதில்கூடக் காப்பி! அப்படி ஒருவர், இவளிடம் காட்டினால் திட்டுவாள் என்று பயந்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் தானே தயார் செய்து, பைண்டிங்கின்போது நேரே செருகிவிட்டார். பேரை மாற்ற மறந்துவிட்டார். அடுத்தவன் பொண்டாட்டியின் தியாகத்துக்கு மனமார நன்றி சொன்ன அந்தப் புத்தகம் இன்றைக்கும் எங்கள் நூலகத்தில் இருக்கிறது. அவர்தான் இப்போது எங்கள் துறைத்தலைவர். அந்த வாரம் அவர் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நெற்றியில் ஒரு பிளாஸ்டர் இருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

கதை தொடங்குவது அறுபத்தேழாவது ஆளிடமிருந்து. நாலு மாதம் அவனோடு மல்லுக்கட்டினாள். நூற்பட்டியல் முழுக்க இவள் போட்டது. பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவன், ஒரு சாக்லேட்டும் ஆய்வேட்டின் ஒரு பிரதியும் கொடுத்துவிட்டுப் போனான். அன்று மாலை அந்தப் பிரதியைத் தூக்கிக்கொண்டு நேரே என் சமையலறைக்கு வந்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"படிங்க அண்ணி."

படித்தேன். நெறியாளருக்கு நன்றி, நெறியாளரின் துணைவியாருக்கு நன்றி, விடுதிக் காப்பாளருக்கு, டீக்கடைக்காரருக்கு, கடைசியில் 'இரவும் பகலும் உற்ற துணையாய் நின்ற என் மடிக்கணினிக்கும்' நன்றி.

"லேப்டாப்புக்கு நன்றி சொல்லியிருக்கான் அண்ணி! அது எங்கிட்ட வந்தப்ப அதுல சினிமாதான் இருந்துச்சு. ஒரு பக்கம்கூட இல்ல."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, அதுக்கு இப்ப என்னங்கற?"

"நான் பிஎச்.டி. பண்ணப் போறேன்."

கத்தி வழுக்கி விரலில் பட்டது. அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்திருந்தாள், முதல் வகுப்பு, எல்லாம் சரி. ஆனால் நாற்பத்தைந்து வயது நிறையாதவர்கள்தான் விண்ணப்பிக்கலாம். வருடத்துக்கு ஒரு தடவைதான் சேர்க்கை. அவளுக்கு நாற்பத்தைந்து நிறைய இன்னும் ஐந்தே மாதம். இந்தத் தடவை விட்டால் போச்சு.

"இந்த வயசுல எதுக்குடி உனக்கு இந்த வேண்டாத வேலை?"

"அறுபத்தேழு அட்டைக்குத் தங்க எழுத்து அடிச்சிருக்கேன் அண்ணி. ஒண்ணுல என் பேர் வரட்டுமே." இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

தலைப்பும் தயாராக வைத்திருந்தாள்: 'ஆய்வேடுகளின் நன்றியுரைகள்: சொல்லப்பட்டோரும் விடப்பட்டோரும்'. அவள் புருஷன் பஸ் டிரைவர். வீட்டில் பேசுவதற்கும் சேர்த்து ரோட்டில் ஹாரன் அடித்துவிட்டு வருகிற மனுஷர். விஷயத்தைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார். "அப்ப உன் நன்றியுரையில எனக்கு எத்தனாவது இடம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவருக்கு அந்தக் கவலை.

இந்த இடத்தில் என் திருவிளையாடல் வருகிறது. அந்த வருடம்தான் மேலிடத்திலிருந்து உத்தரவு: விண்ணப்பப் படிவங்கள் எல்லாம் தமிழில் இருக்க வேண்டும். துறைத்தலைவர் ஆங்கிலப் படிவத்தை என் மேசையில் போட்டு, "சாயங்காலத்துக்குள்ள மாத்திடுங்கம்மா" என்றார். ஒரு கையில் அகராதி, ஒரு கையில் போன். மாற்றினேன். அதில் 'ரிசர்ச் கேப்' என்று ஒரு கட்டம். ரிசர்ச் என்றால் ஆய்வு, கேப் என்றால் இடைவெளி. 'ஆய்வு இடைவெளி' என்று அடித்தேன். படிவம் ஒரே தாளில் முடிய வேண்டும் என்பதற்காக அந்தக் கட்டத்தைச் சுருக்கி மேல் வரிசையில் தள்ளினேன். இப்போது வரிசை இப்படி நின்றது: உத்தேசப் பக்கங்கள், எழுத்தின் அளவு, ஆய்வு இடைவெளி.

நாத்தனார் இருநூற்றைம்பது என்று எழுதினாள். அடுத்து பன்னிரண்டு. அதற்கடுத்து, கொஞ்சமும் தயங்காமல், ஒன்றரை.

உறையைப் பிரித்து சீல் குத்தியது நான்தான். அந்தக் கட்டத்தையும் பார்த்தேன். சரியாகத்தானே எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கும் தெரியாது, சத்தியமாக. மொத்தம் பதினொரு விண்ணப்பம். ஒருவர் அதே கட்டத்தில் 'மூன்று வருடம், உடல்நலக் குறைவு' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 'வீட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டர்'. துறைத்தலைவரின் மச்சினன், அவர் மனைவியின் தம்பி, ஒன்றுமே எழுதாமல் காலியாக விட்டிருந்தான். அவனிடம் இருந்ததை அவன் எழுதியிருக்கிறான் என்று இப்போது தோன்றுகிறது.

நேர்காணல் அன்று நாத்தனார் கடையைப் பூட்டிவிட்டு, இஸ்திரி போட்ட புடவையில் வந்தாள். பத்தொன்பது வருடத்தில் வேலை நாளில் அந்தக் கதவு பூட்டிக் கிடந்து நான் பார்த்ததில்லை. உள்ளே மூன்று பேர். நடுவில் துறைத்தலைவர். ஒரு பக்கம் ஓய்வு பெறப் போகும் மூத்த பேராசிரியர், கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற வித்தை தெரிந்தவர். இன்னொரு பக்கம் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பேராசிரியை. கோப்பை எடுத்துக் கொடுக்க நான் சுவரோரம் நின்றேன். பதினொரு விண்ணப்பமும் என் கையில்.

"அட, டைப்பிங் அக்கா! கடைக்கு லீவா?" என்றார் துறைத்தலைவர்.

"ஆமா சார். அரை நாள்."

அவர் விண்ணப்பத்தைப் பிரித்தார். தலைப்பைப் படித்தார். நன்றியுரை என்ற சொல்லைக் கண்டதும் கை தானாக நெற்றிக்குப் போனது. நான் பார்த்தேன். அப்புறம் கண் கீழே இறங்கி அந்தக் கட்டத்தில் நின்றது. முகம் மலர்ந்துவிட்டது மனுஷருக்கு.

"ஆய்வு இடைவெளி... ஒன்றரையா? ஒன்றரை என்ன அக்கா? ஒன்றரை அடியா, ஒன்றரை முழமா?"

"வரி இடைவெளி சார். நம்ம விதி அதுதானே?"

சிரித்தார் பாருங்கள், மேசை ஆடியது. தூங்கியவர் விழித்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். "ஆய்வு இடைவெளின்னா, இந்தத் துறையில இதுவரைக்கும் யாரும் தொடாத இடம் எது, எத எல்லாரும் விட்டுட்டாங்க, அது. அதுகூடத் தெரியாம ஆராய்ச்சிக்கு வந்தா எப்படி?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாத்தனாரின் காது சிவந்து போனது. வெளியூர்ப் பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்க சொல்லுங்கம்மா. எதுக்காக இந்தத் தலைப்ப எடுத்தீங்க?"

இவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "அறுபத்தேழு ஆய்வேடு அடிச்சிருக்கேன் மேடம். எல்லா நன்றியுரையும் எனக்கு மனப்பாடம். டீக்கடை இருக்கு, பைக் இருக்கு, லேப்டாப் இருக்கு. அடிச்சவங்க, திருத்தினவங்க, பைண்ட் பண்ணினவங்க ஒருத்தர்கூட இல்ல. வேற ஊர் ஆய்வேடும் பாத்துட்டேன், அதுலயும் இல்ல. இதப் பத்தி யாரும் எழுதினதாவும் தெரியல. ஏன் இல்லன்னு பாக்கணும்."

"இதுதாங்க ஆய்வு இடைவெளி," என்றார் அந்தம்மா.

துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார். "வாயால சொல்றது சரி மேடம். படிவத்துல எழுதலையே? எழுதினதத்தானே நாம பாக்க முடியும்? மத்தவங்க எல்லாம் ஒழுங்கா எழுதியிருக்காங்க."

மற்றவர்கள் ஒழுங்காக எழுதியது என் கையில் இருந்தது. பதினான்கு கிலோமீட்டர் என் கையில் இருந்தது. மச்சினனின் காலிக் கட்டம் என் கையில் இருந்தது. ஒரு அடி முன்னால் வைத்து, "சார், ஒருத்தருமே சரியா எழுதல, தப்பு படிவத்துல, அத மாத்தினது நான்" என்று சொன்னால் போதும். அந்தம்மா பார்த்துக்கொள்வார். நாத்தனாரும் ஒரு தடவை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது துறைத்தலைவரின் மேசையில் ஏழு மாதமாகக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கண்காணிப்பாளர் பதவி. நான் விண்ணப்பங்களின் ஓரத்தைத் தட்டிச் சீராக்கினேன். அவ்வளவு அக்கறையாக நான் எந்தக் காகிதத்தையும் அடுக்கியதில்லை.

மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பதினான்கு கிலோமீட்டருக்கு இடம் கிடைத்தது. மச்சினனுக்குக் கிடைக்காமல் போகுமா? மறுநாள் ஆபீஸ் பிரிண்டர் மக்கர் செய்தது. துறைத்தலைவர் கையால் எழுதிய பட்டியலை நீட்டி, "எதிர்ல குடுத்து அடிச்சு வாங்கிட்டு வாங்கம்மா" என்றார். அவருக்கு அதில் ஒரு உறுத்தலும் இல்லை. டைப்பிங் சென்டர் என்றால் டைப்பிங் சென்டர்.

கேட்டைத் தாண்டி அந்தத் தெருவைக் கடக்க எனக்கு அன்றைக்குப் பத்து நிமிஷம் ஆனது. கடை திறந்திருந்தது. பட்டியலை வாங்கி ஒரு தடவை பார்த்தாள். தன் பெயரைத் தேடினாளா என்று எனக்குத் தெரியவில்லை. அடிக்க ஆரம்பித்தாள். 'தேர்ந்தெடுக்கபட்டோர்' என்று அவர் எழுதியிருந்ததில் விட்டுப்போன 'ப்' என்ற ஒற்றைப் போட்டாள்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அந்தப் படிவத்த மாத்தினது நான்தான்டி. அந்தக் கட்டத்த அங்க தூக்கி வெச்சதும் நான்தான்."

"தெரியும் அண்ணி. படிவத்தக் கையில வாங்கினப்பவே தெரியும். ஒத்த இடைவெளியில நெருக்கி அடிக்கறது நீங்க ஒருத்தர்தான்." விரல் நிற்கவில்லை. "மாத்தினதுக்கு ஒண்ணும் இல்ல. யாருக்கும் வரக்கூடிய தப்புதான். நீங்க வாயத் திறப்பீங்கன்னு பாத்தேன்."

ஜெராக்ஸ் மெஷின் சூட்டில் எனக்கு முதுகெல்லாம் வியர்த்தது. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன், அது எனக்குக் கை வந்த கலை. அவள் திட்டவில்லை. பட்டியலை எடுத்துக் கொடுத்துவிட்டு, "அந்தப் படிவ ஃபைல அனுப்பி வைங்க, அடுத்த வருஷம் வர்றவங்களாவது மாட்டிக்காம இருக்கட்டும்" என்றாள்.

அனுப்பினேன். இரண்டே நாளில் திருத்தி அனுப்பினாள். 'ஆய்வு இடைவெளி' தனி இடத்தில், அரைப் பக்கத்துக்கு நின்றது. கீழே சின்ன எழுத்தில் விளக்கம்: 'இத்தலைப்பில் இதுவரை எல்லோரும் விட்டுவிட்டது எது? அதை நீங்கள் ஏன் எழுத விரும்புகிறீர்கள்?'

ஐந்தாவது மாதம் அவளுக்கு நாற்பத்தைந்து நிறைந்தது. மறு வருடச் சேர்க்கைக்கு அந்தப் படிவம்தான் போனது. பதினாறு பேர் விண்ணப்பித்தார்கள், பதினாறு பேரும் அந்த இடத்தைச் சரியாக நிரப்பியிருந்தார்கள். மற்றத் துறைகளும் அதே படிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டன. துறைக் கூட்டத்தில் துறைத்தலைவர் எழுந்து, "இவ்வளவு தெளிவான படிவத்த உருவாக்கிக் குடுத்த நம்ம கண்காணிப்பாளர் அம்மாவுக்கு இந்தத் துறை நன்றி சொல்லுது" என்றார். கை தட்டினார்கள்.

கண்காணிப்பாளர் அம்மா நான்தான். 'இத நான் செய்யல, எதிர் கடையில உக்காந்திருக்கறவ செஞ்சது' என்ற வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எழுந்து நின்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

கூட்டக் குறிப்பை டைப் அடிக்க எதிரே அனுப்பினார்கள். சாயங்காலம் திரும்பி வந்தது. எனக்கு நன்றி சொன்ன பத்தியை மூன்று தடவை படித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. வரிக்கு வரி ஒன்றரை இடைவெளி.

இந்தக் கதையையும் நோட்டில் கையால்தான் எழுதியிருக்கிறேன். டைப் அடிக்க அவளிடம்தான் கொடுக்க வேண்டும். ஒரு வாரமாகக் கைப்பையில் இருக்கிறது, இன்னும் கொடுக்கவில்லை.